அடைப்புக்கு முன்னால் இருந்த எழுத்துகள்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது அது எங்கே தொடங்கியது என்பது மறந்துவிடுகிறது. கிழமைகளும் குழம்புகின்றன. இதில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் விஷயம். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும். என் மகளின் வலது கண் போனதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு பின்னால் எங்கள் வீடு. நானும் மகளும் மட்டும்தான். அவள் அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. நான் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை பார்த்தேன். பிறகு விரல் மரத்துப் போனதால் பெட்டி கட்டுகிற பக்கம் மாற்றினார்கள். அந்தப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களைப் பார்த்துத்தான் ஆங்கில எழுத்துகளைப் பழகினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்கள் எல்லாம் தெரியும். வார்த்தை தெரியாது. லேபிளில் கம்பெனி தனக்காக அச்சடித்துக்கொள்ளும் சில எழுத்துகள் ஓரத்தில் இருக்கும். அதை நாங்கள் வாசிக்க வேண்டியதில்லை என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் வாரம் ஒருமுறை அன்பியக் கூட்டம் நடக்கும். ஏழெட்டு வீட்டுக்காரர்கள் ஒரு வீட்டில் கூடி செபம் சொல்லி, ஆளுக்குக் கொஞ்சமாக வேதாகமம் வாசிப்போம். என் முறை வருவதென்றாலே எனக்குப் பயம். வேதாகமத்தில் வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் உண்டு. ஒருமுறை அப்படி ஒரு பெயர் வந்தபோது அதை விட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அன்றிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. தெரியாததைத் தடவித் தடவி வாசித்து நாலு பேர் முன்னால் வெட்கப்படுவதைவிடத் தாண்டிப் போவது சுலபமாக இருந்தது.

மகள் நன்றாகப் படித்தவள். சென்னையில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே வேலை செய்தாள். இணையப் பக்கங்கள் எழுதுவதும், ஏற்கெனவே எழுதினவை பழுதானால் பார்ப்பதும் அவள் வேலை. ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது கண்ணில் உள்ளே இருக்கும் சவ்வு பிய்ந்து, ஆபரேஷன் செய்தும், மூக்கில் இடிக்கிற தூரத்தில் பெரிய எழுத்து தெரிகிற அளவுக்குத்தான் மிஞ்சியது. வலது கண்தான் அவளுக்குக் கண்.

அந்த வலது கண்ணிலும் போன வருடம் அதே மாதிரி சவ்வு பிய்ந்தது.

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் எனக்குப் புரியும்படியாகச் சொன்னார். கண்ணுக்குள் காற்று வைத்திருக்கிறோம், உங்கள் மகள் முகத்தைக் கவிழ்த்தே இருந்தால்தான் அந்தக் காற்று மேலே போய்ச் சவ்வை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பத்து நாள் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் தவிர எழுந்திருக்கக் கூடாது, அந்த நேரத்திலும் குனிந்தபடியே போய் வரட்டும் என்றார். நான் மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பத்து நாள்.

அவள் ஆபீஸில் சொல்லவில்லை. அதுதான் முதல் தப்பு என்று இப்போது அவளே சொல்கிறாள். இடது கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டபோதே அவர்கள் முகம் சுளித்தார்களாம். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் இது. "ஒத்தக் கண்ணும் போச்சுன்னு தெரிஞ்சா என்னைய வச்சிருப்பானா? பத்து நாள்தானம்மா, ஓட்டிரலாம்" என்றாள். காமிரா கெட்டுவிட்டது என்று சொல்லி, குரலில் மட்டும் பேசினாள்.

அவள் படுத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கட்டிலில் குப்புறப் படுத்து, தலையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, ஒரு ஸ்டூலில் துண்டைச் சுருட்டி வளையமாக வைத்து அதில் நெற்றியைக் கொடுத்திருப்பாள். கைகள் இரண்டும் கீழே தொங்கும். தரையில் துணி ஊறப்போடுகிற தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கீபோர்டு. பார்க்காமலே தட்டச்சு செய்வாள். திரையைத்தான் பார்க்க முடியாது. முதல் நாள் லேப்டாப்பையே கீழே வைத்து, மிச்சமிருந்த இடது கண்ணால் பார்க்க முயன்றாள். ஒரு தடவைக்கு இரண்டு எழுத்துதான் தெரிந்தது, மற்றதைப் பார்க்கத் தலையை அங்கும் இங்கும் திருப்ப வேண்டியிருந்தது, கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். அதனால் நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே நாற்காலியில் லேப்டாப்பை வைத்து, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"எனக்கு எங்கன ஏளா இங்கிலீசு வரும்?"

"எழுத்து எழுத்தா சொல்லு. மிச்சத்த நான் கூட்டிக்கிடுதேன்."

"தப்பாச் சொல்லிட்டேன்னா?"

"நீ தப்பாச் சொன்னா கம்ப்யூட்டர் அழவா போவுது? சொல்லும்மா."

அப்படித்தான் தொடங்கினோம். ஒரு விசையைத் தட்டினால் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு வெள்ளைக் கட்டம் திறக்கும். கன்சோல் என்பாள். பக்கம் எங்கே பழுதாகியிருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்க்கிற சன்னல் அது. அவள் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த வரியில் அது காட்டும். உள்ளே இருப்பது வரிசையான பட்டியல் என்றால் சதுர அடைப்புக்குள் காட்டும். வேறு வகைப் பொருள் என்றால் நெளிவு நெளிவாக ஓர் அடைப்பு. எனக்கு அந்தப் பெயர்கள் நிற்கவில்லை. ஒன்று 'ப' எழுத்தைப் படுக்கப் போட்டது மாதிரி இருந்தது, மற்றது மீசை மாதிரி இருந்தது.

"என்ன அடைப்பும்மா? சதுரமா, நெளிவா?"

"படுத்த 'ப'."

அவள் ஸ்டூலில் நெற்றியை வைத்தபடியே குலுங்கிச் சிரித்தாள். "அப்போ இன்னொன்னு?"

"மீசை."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இந்தப் பேரு தோணல பாரேன். சரி, மீசைன்னா வேற வகை. படுத்த 'ப'ன்னா லிஸ்ட். எனக்கு அதச் சொன்னாப் போதும்."

இன்னொரு விதியும் சொன்னாள். பட்டியலை விரித்தால் இடது ஓரத்தில் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கும். "அது வரிசை நம்பர். முதல் ஆளுக்குப் பூஜ்யம், அடுத்தவனுக்கு ஒண்ணு. அதையெல்லாம் வாசிச்சு என் உசிர எடுக்காத." நான் அதையும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அந்த வேலை நடந்தது. துறைமுகத்துக்குப் போகும் வழியில் கன்டெய்னர் பெட்டிகள் அடுக்குகிற இடங்கள் உண்டு. அப்படி ஒரு இடத்துக்கு வரும் லாரிகள் எந்த நேரத்தில் உள்ளே வரலாம் என்று பதிந்துகொள்கிற பக்கத்தை இவர்கள் கம்பெனிதான் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் புதிதாக வைத்த சீட்டு அடிக்கிற இயந்திரம், லாரி நம்பருக்கு நடுவே இடைவெளி இருந்தால் ஏற்கவில்லையாம். அந்த இடைவெளியை எடுத்துவிட்டு நம்பரைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. பக்கம் பழசு, யாரோ எப்போதோ ஒரு லைப்ரரியைச் சேர்த்து எழுதினது. லைப்ரரி என்றால், பிறர் எழுதி வைத்ததை நாம் எடுத்து உபயோகிப்பதாம்.

சோதித்துப் பார்க்க மூன்று லாரி நம்பரைப் போட்டு வைத்திருந்தாள். லாரிகள் இருக்கும் பெயரைத் தட்டினாள்.

"இப்போ என்ன காட்டுது?"

நான் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் சின்ன எழுத்தில் என்னவோ இருந்தது. எஸ், ஒரு புள்ளி, எஃப், என், இன்னொரு புள்ளி, ஐ, என், ஐ, டி. அதை ஒட்டி வட்ட அடைப்புக்குள் மூன்று. அதற்குப் பிறகு படுத்த 'ப'. அதற்குள் டி.என். அறுபத்தொன்பது என்று தொடங்கும் மூன்று லாரி நம்பர்கள். அதற்குப் பிறகும் ஏதோ இருந்தது.

முன்னால் இருந்தது வார்த்தையா, வார்த்தை இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. புள்ளிகளை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. பெட்டி லேபிளில் கம்பெனி தனக்காகப் போட்டுக்கொள்ளும் எழுத்து மாதிரி இதுவும் கம்ப்யூட்டர் தனக்காகப் போட்டுக்கொண்டது என்று நினைத்தேன். நிஜத்தைச் சொன்னால் அப்படி நினைத்துக்கொள்ள எனக்குச் சௌகரியமாக இருந்தது. காலையிலிருந்து ஏழெட்டு முறை நான் தப்பாக வாசித்து அவள் பொறுமையாகத் திருத்தியிருந்தாள். கழுத்து வலியில் அவள் முனகுவது கேட்டுக்கொண்டிருந்தது.

"படுத்த 'ப'தான். உள்ள மூணு லாரி இருக்கு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா? மீசை இல்லையே?"

"மீசை இல்ல."

"அப்போ லிஸ்ட்தான்" என்றாள். விரல்கள் மளமளவென்று ஓடின. தட்டி முடித்து, "இப்போ?" என்றாள்.

மறுபடியும் அந்தச் சின்ன எழுத்துகள். மறுபடியும் படுத்த 'ப'. உள்ளே பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மூன்று எண்கள். டி.என். என்ற எழுத்தையே காணவில்லை. எனக்கு அப்போது ஒரு மாதிரி இருந்தது. ஆனால் வரிசை நம்பரை வாசிக்காதே என்று சொல்லியிருந்தாள். வரிசை நம்பரை மட்டும் மேலே காட்டுகிறது, விரித்தால் லாரி உள்ளே இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

"மூணு இருக்கா?"

"மூணு இருக்கு."

"நம்பருக்கு நடுவுல இடைவெளி எங்கனயாவது இருக்கா?"

"இல்லளா, இடைவெளியே இல்ல."

இரண்டும் உண்மைதான். அவள் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அவள் அனுப்பிவிட்டாள். "முடிஞ்சிட்டும்மா! ஸ்ட்ரா போட்டு ஒரு காப்பி குடு" என்றாள். குனிந்த தலைக்குக் கீழே டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அவள் உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள் சென்னைக் கம்பெனி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஆறாம் நாள் காலையில் எதிர்வீட்டுக்காரி மீன் வாங்கிக்கொண்டு போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்.

"எக்கா, எங்க வீட்டு மனுசன் விடியக்காலம் போய் கேட்டுல மொத ஆளா நிக்காரு. சீட்டக் கிழிச்சுக் குடுத்தானாம். லாரி நம்பருக்குப் பதிலா பூஜ்யம்னு போட்டிருக்காம். பின்னால நிக்கவனுக்கு ஒண்ணாம். உள்ள விடமாட்டேங்கானாம். போன்ல கத்துதாரு, என்னைய பூஜ்யம்னுட்டான் என்னைய பூஜ்யம்னுட்டான்னு. நான் சொன்னேன், கல்யாணம் முடிச்ச நாள்லருந்து நானும் அதத்தான் சொல்லுதேன், நீரு நம்பலியே, இப்போ மிஷினே சொல்லிட்டுல்லான்னு."

அவள் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். உள்ளே கட்டிலில் சிரிப்பு வரவில்லை.

"எம்மா" என்று மகள் கூப்பிட்டாள். "அன்னைக்குக் கடைசியில வந்துச்சே, உள்ள என்ன இருந்துச்சு? லாரி நம்பர்தான?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. சென்னை டீம் லீடர். மரியாதையாகத்தான் பேசினார். "மேம், கேட்ல இருபது வண்டிக்கு மேல நிக்குது. கிளையன்ட் லைன்ல இருக்காங்க. சரியாகிற வரைக்கும் கட் பண்ண மாட்டாங்களாம். நீங்க லைவா இருந்து முடிச்சுக் குடுங்க, ப்ளீஸ்."

"ரெண்டு நிமிஷம் சார்" என்றாள் மகள். போனை ஊமையாக்கிவிட்டு, "எம்மா, சீக்கிரம் வாசி" என்றாள்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். வரி எது, எழுத்து எது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்துகள்கூட அப்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை. "எஸ்" என்றேன், பிறகு "இல்ல, பொறு" என்றேன்.

"நீ விலகும்மா. நானே பாக்கேன்."

"ஏளா, தலையத் தூக்காத! டாக்டர் என்ன சொன்னாரு!"

"விலகுன்னு சொல்லுதம்லா!"

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு நாளாகக் கவிழ்ந்திருந்த முகம் வீங்கியிருந்தது. வலது கண்ணில் கட்டு. லேப்டாப்பை மேசைமேல் தூக்கி வைத்து, எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெருக்கி, மிச்சமிருந்த இடது கண்ணைத் திரையில் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டாள். மூக்கு திரையில் உரசியது. அன்று தட்டினதையே மறுபடி தட்டினாள். வரியின் தொடக்கத்திலேயே அவள் முகம் நின்றுவிட்டது. எஸ், புள்ளி. அதற்குமேல் அவள் போகவே இல்லை.

திருத்துவதற்கு அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் போனில் இருந்தவர்கள் விடவில்லை. நிற்கிற ஒவ்வொரு லாரிக்கும் சீட்டு சரியாக வருகிறதா என்று வாசலில் பார்த்துச் சொல்லும்வரை இருக்கச் சொன்னார்கள். இடையில் வேறு ஏதோ கேட்டார்கள், அதையும் பார்த்தாள். ஒன்பதரைக்கு உட்கார்ந்தவள், மதியம் ஒன்றரைக்குத்தான் எழுந்தாள். நான் பின்னால் நின்று "படுளா, மக்கா, படுளா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் குரல் போனில் கேட்டுவிடும் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டி என்னை அடக்கினாள். போனை வெட்டிவிட்டுக் கம்பெனி முதலாளியிடம் சொல்லி நேரம் கேட்டிருக்கலாம். கண் ஆபரேஷன் என்று அந்த நிமிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

மறுபடி குப்புறப் படுத்தாள். சோறு ஊட்டினேன், சாப்பிட்டாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கும் அடைப்புக்கு முன்னால அந்த எழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏம்மா வாசிக்கல?"

"என்னதுன்னு தெரியல. வாயில வரல. விட்டுட்டேன்."

அவள் நெற்றியைத் துண்டில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "எஸ்னு ஒரு எழுத்து சொல்லியிருந்தாக்கூடப் போதும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம், நான் அழுவது கேட்டிருக்க வேண்டும், "சரி விடு, மூக்கச் சிந்து, கீபோர்டுல விழுந்துரப் போவுது" என்றாள்.

மீதி நாள்களில் எனக்கு அதை விளக்கினாள். விளக்காமல் இருந்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த லைப்ரரி கொடுப்பது நிஜமான பட்டியல் இல்லையாம். பட்டியல் மாதிரி நடக்கிற வேறொரு பொருள். தன் நீளம் எவ்வளவு என்று சொல்லும், நடுவில் வெட்டி எடுக்கிற ஒரு வேலையும் அதற்குத் தெரியும். இந்த இரண்டும் இருந்தால் போதும், எங்கள் கன்சோல் அதையும் சதுர அடைப்புக்குள் போட்டுப் பட்டியல் போலவே காட்டிவிடும். ஆனால் குணம் வேறு. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடு என்று கேட்டால், பட்டியல் முதலில் ஆளைக் கொடுக்கும், பிறகு அவன் வரிசை நம்பரைக் கொடுக்கும். இது முதலில் வரிசை நம்பரைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் ஆளைக் கொடுக்கும். மகள் முதலில் வந்ததை லாரி என்று வாங்கி, இடைவெளி எடுத்து அனுப்பிவிட்டாள். வந்தது பூஜ்யமும் ஒன்றும். பிழை என்று சிவப்பாக எதுவும் காட்டவில்லை, ஏனென்றால் அதன் கணக்கில் பிழையே நடக்கவில்லை.

"அப்போ எதப் பாத்து இது லிஸ்ட் இல்லன்னு கண்டுபிடிக்கது?" என்று கேட்டேன்.

"அடைப்புக்கு முன்னால அந்த லைப்ரரி பேரு துண்டா நிக்கும். விரிச்சா கடைசி வரியில, இது எந்த வம்சத்துப் பொருள்னு மங்கலான எழுத்துல போட்டிருக்கும். நிஜ லிஸ்ட்டுன்னா 'அரே'ன்னு இருக்கும். இதுல 'ஆப்ஜெக்ட்'னு இருக்கும். வேற பிரவுசர்ல திறந்தா மீசையே போட்டுக் காட்டும், அது இன்னும் சுளுவு."

தலையும் வாலும். நான் நடுவில் இருந்ததை மட்டும் வாசித்திருக்கிறேன்.

பத்து நாள் முடிந்து திருநெல்வேலிக்குப் போனோம். சவ்வு ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் மாதா கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். உள்ளே இருந்த காற்று கரையக் கரைய அவளுக்குப் பார்வை மேலிருந்து திறந்துகொண்டு வந்தது. ஒருநாள் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா இவ்வளவு கறுத்துட்ட" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருக்கும். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டாள். "எம்மா, கீழருந்து கறுப்பா ஏறுது" என்றாள்.

அன்றே போனோம். சவ்வு மறுபடி விட்டுவிட்டது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தலையைக் கவிழ்த்தே இருந்தீங்களா, பத்து நாளும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் முந்திக்கொண்டு, "ஆமா டாக்டர், பத்து நாளும்" என்றாள். என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒழுங்காகப் படுத்திருந்தவர்களுக்கும் சில சமயம் இப்படி ஆகிவிடும், உங்கள் மகளுக்கு முன்பே கண் பலவீனம் என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். அன்றும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த நாலு மணி நேரத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர், இதனால்தான் என்றோ, இதனால் இல்லை என்றோ சொல்லியிருப்பார்.

இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும். சன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லுவாள். ஆள் தெரியாது.

ஆபீஸில் எல்லாவற்றையும் சொன்னாள். டீம் லீடர் போனிலேயே அழுதுவிட்டாராம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் கையில் அது இல்லை என்றார். இப்போது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். அது புள்ளியைப் புள்ளி என்கிறது, அடைப்பை அடைப்பு என்கிறது, ஒன்றையும் விடாமல் வேக வேகமாக வாசிக்கிறது. முதல் முதலில் அதைக் கேட்டபோது நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என்னை அவள் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. இது லிஸ்ட்தானா என்று கம்ப்யூட்டரையே கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டாம். கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுமாம். "நான் அதக் கேட்டிருக்கணும்மா. கேக்காம உன் 'ப'வ நம்பி எழுதுனது என் தப்பு. இந்தத் தொழில்ல எவனும் அப்படிச் செய்யக் கூடாது" என்கிறாள். அப்படி ஒரு கட்டளை நிஜமாகவே இருக்கிறதா, என் மனசு ஆற வேண்டும் என்று அவளாகச் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் பொய் சொன்னவள் என்னிடம் சொல்ல மாட்டாளா?

அதனால் இதை வாசிக்கிறவர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்கள். எஸ், புள்ளி, எஃப், என், புள்ளி, ஐ, என், ஐ, டி. எழுத்தை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா? முதலில் வரிசை நம்பரைக் கொடுப்பது அதுதானா, நான் மாற்றி எழுதிவிட்டேனா? அந்தக் கட்டளை உண்டா? உண்டு என்றால், கண் நன்றாகத் தெரிகிறவர்களும் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்களா, இல்லை, திரையில் முன்னால் நிற்கிற எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது, எனக்காக ஒன்றையும் குறைத்துச் சொல்லாமல், உள்ளதைச் சொல்லுங்கள்.